சோற்றை வெஞ்சனமாக்கிய ஓட்டுநர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கன்னிவாடியில் என் அவரைத் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இன்னாசிமுத்து அண்ணனின் மனைவி ரீத்தா அக்கா. "தம்பி, அண்ணன் போயிட்டாக" என்றார். இரண்டு நாளைக்கு முன்புதான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இதுதான் செய்தியாக வரும் என்று தெரிந்தும் இருந்தது. ஆனாலும் வாய்க்கால் உடைந்து தண்ணீர் வேறு பக்கம் ஓடியதை நான் பார்க்கவே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

இன்னாசிமுத்து அண்ணன் அரசுப் பேருந்து ஓட்டுநர். நான் நடத்துநர். திண்டுக்கல்–கோவை வண்டியில் நாங்கள் இருவரும் பதினோரு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். என்னைவிட நான்கு வயது மூத்தவர். டிப்போ நண்பர்களும் அவருடைய பங்குக் கோயில் மக்களும் அவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் பார்த்ததை நான் எழுதிவைக்கிறேன்.

முதலில் அவர் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். உடுமலை தாண்டி ஒரு ஹோட்டலில் எங்கள் வண்டி நிற்கும். பயணிகள் வெளியே சாப்பிட, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் உள்ளே தனி மேசை. காசு கிடையாது, கணக்கும் கிடையாது. ஆறு பரோட்டா, அதன்மேல் குளம்போலச் சால்னா, கடைசியில் ஒரு ஆம்லெட். பிறகு தேநீர். பழனியில் ஒரு தேநீர், ஒட்டன்சத்திரத்தில் ஒன்று, டிப்போவில் இறங்கியதும் ஒன்று. எல்லாவற்றிலும் சர்க்கரை தூக்கல். "வண்டிக்கு டீசல், எனக்கு டீ" என்பார். நானும் அதே மேசையில் அவருக்குக் குறையாமல் தின்றவன்தான்.

அவருடைய குடும்பத்தைப் பற்றியும் எனக்குத் தெரியும். தையல்காரரான அவருடைய அப்பா, பள்ளி ஆசிரியரான பெரிய அண்ணன், வெங்காயப்பேட்டையில் வேலை பார்த்த சின்ன அண்ணன், மூவருக்குமே சர்க்கரை. பெரிய அண்ணனுக்குக் காலை எடுத்தார்கள். மூவரில் ஒருவர்கூட ஐம்பதைத் தொடவில்லை. அந்தப் பேச்சு வந்தால் அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு டிக்கெட்டு அம்புட்டுத்தான் பரமு" என்பார். விதி என்று நம்பினார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது நடந்துகொண்டிருந்த சமயம். கோவையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை ஐந்து மணி இருக்கும். ஒட்டன்சத்திரம் கடந்து சில மைல் வந்திருப்போம். வண்டி மெதுவாக ஓரம் கட்டி ஒரு புளியமரத்தடியில் நின்றது. டயர் போய்விட்டதோ என்று முன்னால் ஓடினேன். அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பரமு, நடுக்கோடு ரெண்டாத் தெரியுது. எதுக்க வார லாரியும் ரெண்டாத் தெரியுது. நான் ஓட்ட மாட்டேன்."

"செத்த நேரம் கண்ண மூடி உக்காருங்கண்ணே. சரியாப் போயிரும். இன்னும் முக்கால் மணி நேரம்தான்" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் எனக்கு வெட்கம் உண்டு.

அவர் எழுந்து, பயணிகளைப் பார்த்து நின்றார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலங்க. உங்கள வச்சிக்கிட்டு ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்ல. பின்னால வார வண்டில ஏத்தி விடுறோம். மன்னிச்சுக்கங்க."

வண்டிக்குள் பெரும் இரைச்சல். ஒருவர் இருக்கையிலிருந்து எழுந்து கத்தினார்: "கண்ணு தெரியாத ஆளயெல்லாம் எதுக்குய்யா வண்டி ஓட்ட விடுறீங்க?"

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். அதான் நிப்பாட்டிட்டேன்" என்றார் இன்னாசி அண்ணன்.

சண்டை போட வந்தவர் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பயணிகளை அடுத்த இரண்டு வண்டிகளில் பிரித்து ஏற்றினோம். கடைசியாக ஏறிய ஓர் அம்மா அவருடைய தலையைத் தொட்டு, "உன் பிள்ளைக நல்லாருக்கும்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் என்ன செய்தார் என்பது புரியும். கண்ணில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் ஸ்டியரிங் போய்விடும். அதற்குப் பயந்து மறைத்து ஓட்டியவர்களை நான் அறிவேன். அன்று மாலை அவர் யாரும் கேட்காமலே டிப்போவுக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சோதித்த மருத்துவர் ஒரு பெண்மணி. அதட்டாதவர். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம், அதனால்தான் பார்வை மங்குகிறது என்றார். "கண்ணு இன்னும் கெடல. ஆனா கெடுறதுக்கு வரிசையில நிக்குது. மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க, சாப்பாட்ட மாத்துங்க, நடங்க. அப்புறம் வாங்க, வண்டி ஓட்டலாமான்னு சொல்றேன்."

அண்ணன் தன் அப்பாவையும் அண்ணன்மார்களையும் பற்றிச் சொல்லி, "எங்க வம்சமே இப்படித்தாம்மா" என்றார்.

அந்த மருத்துவர் கேட்ட கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வம்சத்துல சர்க்கரை வந்திருக்கலாம். ஆறு பரோட்டாவும் வம்சத்துலயா வந்துச்சு?"

அண்ணன் சிரிக்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு, "இம்புட்டு நாளும் இத யாரும் எங்கிட்டக் கேக்கல பரமு" என்றார்.

அந்த மூன்று மாதங்கள் அவருக்கு டிப்போவில் நேரம் குறிக்கும் அறையில் வேலை. வீட்டில் நடந்ததை ரீத்தா அக்கா சொல்லித்தான் அறிவேன். மருத்துவர், தட்டில் பாதிக்குக் காய்கறியும் கீரையும் இருக்கட்டும், கால்பங்கு பயறு, மிச்சம்தான் சோறு என்று சொல்லியிருந்தார். அதை அண்ணன், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்னும் எங்கள் ஊர் மொழிக்கு மாற்றிக்கொண்டார்: "வெஞ்சனத்தச் சோறு மாதிரித் திங்கணும். சோத்த வெஞ்சனம் மாதிரித் தொட்டுக்கணும்." சொல்வது எளிது. மூன்றாம் நாள் காலையில் சர்க்கரை இல்லாத தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைச் சுவரில் எறிந்தாராம். கால் மணி நேரம் கழித்து அவரே துணி நனைத்துச் சுவரையும் தரையையும் துடைத்துவிட்டு, "இன்னொரு டம்ளர் குடு. இதே மாதிரி, சர்க்கரை போடாம" என்று கேட்டாராம்.

அக்காவையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. கணவருக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒரு சமையல் என்று அவர் வைக்கவில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டி. தட்டைப்பயறும் மொச்சையும், முருங்கைக்கீரையும் சுரைக்காயும், கம்பும் சாமையும். எண்ணெய்ச் சட்டி மேல்தட்டுக்குப் போனது. "தனியா வச்சா அது நோயாளிச் சாப்பாடு தம்பி. சேந்து தின்னாத்தான் அது வீட்டுச் சாப்பாடு" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அந்த நாட்களில் டிப்போவுக்கு ஒருவர் ஏதோ ஒரு பொடி கொண்டுவந்து நீட்டினார். இதைக் கரைத்துக் குடித்தால் மாத்திரையே தேவையில்லை, இன்றே நிறுத்திவிடலாம் என்றார். அண்ணன் வாங்கவில்லை. "கொடைக்கானல் ரோட்டுல எறங்கும்போது கியரையும் கொறைக்கிறோம், பிரேக்கும் வச்சிருக்கோம். கியரு இருக்குன்னு பிரேக்கக் கழட்டிப் போடுவமா? டாக்டரம்மா கழட்டச் சொன்னாக் கழட்டுறேன்" என்றார். இயற்கை உணவு என்று பேசுகிறவர்கள் பலரை அதற்குப் பிறகு பார்த்திருக்கிறேன். இவ்வளவு நிதானமாகப் பேசியவர் வேறு யாரும் இல்லை.

மூன்று மாதம் முடிந்து மருத்துவர் அவருக்குச் சான்று கொடுத்தார். கண்ணும் தெளிந்திருந்தது. முதல் நாள் வண்டி உடுமலை தாண்டி அந்த ஹோட்டலில் நின்றது. பரிமாறுகிறவர் வழக்கம்போல் பரோட்டாவை அடுக்கினார். அண்ணன் பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்துத் திறந்தார். கீரையும் பயறும் அதன் ஓரத்தில் ஒரு கைப்பிடிச் சாமைச் சோறும். கடை முதலாளி ஓடி வந்துவிட்டார்.

"ஏனுங்க டிரைவரே, நம்ம சாப்பாடு புடிக்கலீங்களா? வேற கடையில நிறுத்தப் போறீங்களா?"

"வண்டி இங்கதான் நிக்கும்ணே. பயப்படாதீக. என் கைதான் உங்க தட்டுக்கு வராது" என்றார். நான் அவர் எதிரே உட்கார்ந்து ஆறு பரோட்டாவையும் முடித்தேன். என் கையிலிருந்த சால்னா மணம் அவர் மூக்குக்குப் போகாமலா இருந்திருக்கும்? தலையைக் குனிந்து ஒவ்வொரு பயறாக மென்றார். அந்த மேசையில் அப்படி உட்காருவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் நானே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

வண்டி நிற்கும் இடங்களில் எல்லாம் நடக்கத் தொடங்கினார். பழனியில் பத்து நிமிடம், கோவையில் அரை மணி நேரம். மற்ற ஓட்டுநர்கள் கால் நீட்டிப் படுத்திருக்க, இவர் பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். "என்னண்ணே, தொலஞ்ச சாவியத் தேடுறீகளா?" என்று கேலி செய்வார்கள். "தெனமும் இம்புட்டுத் தூரம் போறேன் அப்பு. யோசிச்சுப் பாத்தா ஒரு அடிகூட நான் போகல, வண்டிதான் போயிருக்கு" என்பார். ஆயக்குடியில் ஜன்னலோரம் கொய்யா விற்கும் ஒரு பெண்ணிடம் தினம் பாதி பழுத்த ஒரு செங்காய் வாங்குவார். "ஒண்ணு போதுமுங்களாண்ணா? கூடையோட வாங்குவீங்களே" என்று அந்தப் பெண் கேட்பாள். "ஒண்ணு போதும்மா. நாளைக்கும் வருவேன்ல" என்பார்.

அவர் தவறவே இல்லை என்று எழுதினால் அது பொய். ஒரு கல்யாணத்தில் பிரியாணியைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, அதன்மேல் அல்வாவும் தின்றார். மறுநாள் காலை தானே போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டு, டிப்போவில் எல்லோர் முன்னாலும், "நேத்து நான் கவுந்துட்டேன்" என்று சொன்னார். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். "ஒரு ஸ்டாப்ப விட்டுட்டா அதுக்காக வண்டியப் பின்னாலயா எடுக்க முடியும்? அடுத்த ஸ்டாப்புல சரியா நிப்பாட்டணும்."

இனி என் கதை. ஒரு நாள் நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டு முன்னால் வந்தபோது கண்ணாடியில் என்னைப் பார்த்தவர், வண்டி நின்றதும் சொன்னார்: "பரமு, இந்த வழியில நீ நேரா நடந்து வந்த காலம் ஒண்ணு உண்டு. இப்பப் பக்கவாட்டுல வார." என் தொப்பையைத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், ஓய்வு நாளில், என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வா, ஊசி ஒண்ணும் பெரிசில்ல" என்று அதே மருத்துவரிடம் கூட்டிப் போனார். எனக்குச் சர்க்கரை எல்லையில் நின்றது. "நோய் இன்னும் வரல. வராமலே வச்சுக்க முடியும். அது உங்க கையிலதான் இருக்கு" என்றார் மருத்துவர். திரும்பி வரும்போது அண்ணனின் கண்கள் கலங்கியிருந்தன. "எங்க அண்ணன்மாருக்கு இந்த வார்த்தையச் சொல்ல ஆளில்லாமப் போச்சு. உனக்குச் சொல்லியாச்சு" என்றார். மறுநாளிலிருந்து பழனி பேருந்து நிலையத்தைச் சுற்றியது இரண்டு பேர். எனக்கு இப்போது அறுபது வயது. அந்த எல்லையை நான் இன்னும் தாண்டவில்லை.

டிப்போ கேண்டீனில் ஒரு பானைக் கம்பங்கூழும் ஒரு சட்டிச் சுண்டலும் வைக்கச் சொல்லி அவர் கேட்டதையும் சொல்ல வேண்டும். "யாருண்ணே வாங்குவா?" என்றார் கேண்டீன்காரர். உண்மைதான், ஓட்டுநர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதலில் வந்தவர்கள் டிப்போவைக் கூட்டிப் பெருக்கும் பெண்கள். விடியலில் வெறும் வயிற்றோடு வந்து வேலை செய்தவர்கள் அவர்கள். அவர்கள் வரிசையாக உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் மெக்கானிக்குகள் வந்தார்கள். கடைசியாக, வேறு வழியில்லாமல், ஓட்டுநர்களும் நடத்துநர்களுமான நாங்கள் வந்தோம். அண்ணன் யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. அங்கே போய்க் குடித்தார், அவ்வளவுதான்.

அறுபது வயதில் அவர் ஓய்வு பெற்ற நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். மாலைகள் போட்டு வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம். வழியில் வேனைக் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் திருப்பச் சொன்னார். நானும் கூடவே இறங்கினேன். அப்பா, பெரிய அண்ணன், சின்ன அண்ணன். மூன்று கல்லறைகளும் அடுத்தடுத்து இருந்தன. கழுத்திலிருந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூன்றின்மேலும் வைத்தார். பிறகு, வீட்டில் இருப்பவர்களிடம் பேசுவதுபோல, சத்தமாகச் சொன்னார்: "அப்பா, அண்ணே, சின்னண்ணே. நம்ம வீட்ல ஒருத்தன் ரிட்டயர் ஆயிட்டான்."

நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். ஆறு பரோட்டா தின்ற அந்த மனிதர்தானா இவர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மலையைப் புரட்டியவர்களைக் கதையில்தான் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதர் தன் தட்டைப் புரட்டி, தன் வம்சத்தின் கணக்கையே மாற்றியதை நேரில் பார்த்தேன்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் நன்றாக இருந்தார். இந்த ஆண்டு தொடக்கத்தில் காய்ச்சல் விடாமல் அடித்தது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இது சாப்பாட்டால் வந்ததும் இல்லை, சாப்பாட்டால் தடுத்திருக்கக்கூடியதும் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, "இம்புட்டுப் பாத்துப் பாத்து இருந்ததுக்கு இதுதானாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

குரல் தேய்ந்திருந்தது. ஆனாலும் சிரித்தார். "சாகாம இருக்கவா நான் நடந்தேன் பரமு? இருக்குற நாளு நல்லா இருக்கணும்னுதான் நடந்தேன். கண்ணு தெரியுது, காலு ரெண்டும் இருக்கு. எங்க அண்ணனுக்கு அது கெடைக்கல."

நான் அவரோடு பேசியது அதுதான் கடைசி.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் ஒருவர், பழைய சகாதான், பேர் வேண்டாம், தாழ்ந்த குரலில் சொன்னார்: "வாயக் கட்டி வயித்தக் கட்டி என்னத்தக் கண்டாரு? எல்லாரும் போற மாதிரிதான போனாரு?" ரீத்தா அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"அவுக அப்பா சாகும்போது அவுகளுக்குப் பதிமூணு வயசுண்ணே. படிப்ப விட்டுட்டு லாரிக்குப் போனாக. எம் மகளுக்கு அவ அப்பா இருந்தாக. கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போயி கட்டிக்குடுத்தாக. பேரப்பிள்ளைக்கு அவுகதான் சோறு ஊட்டுனாக. இதத்தான் கண்டாக."

அந்த நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் பயந்துதான் அப்படிச் சொல்லியிருப்பார்.

அண்ணனிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். சாப்பாட்டுப் பழக்கத்தை எந்த மருத்துவரிடமிருந்தும் பெறலாம். அவரிடமிருந்து நான் பெற்றது வேறு. உடம்பில் ஒரு குறை என்றால் அதை மறைக்காமல், வெட்கப்படாமல், வாய்விட்டுச் சொல்லும் தைரியம். நம் ஊர் ஆண்களுக்கு அது எளிதில் வருவதில்லை. எனக்கும் முன்பு வந்ததில்லை.

போன வாரம் காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது என் இடது காலின் இரண்டு விரல்கள் மரத்துப்போனதுபோல் இருந்தது. முன்பென்றால் காலை மடக்கி வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தேய்த்துவிட்டு, ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். "ஏத்தா, என் கால் வெரலு மரத்துப் போகுது. எனக்குப் பயமா இருக்கு" என்று என் மனைவியிடம் சொன்னேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகளில் பயமாக இருக்கிறது என்று நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "செருப்பப் போடுங்க, போவோம்" என்றாள். ஊர் ஆஸ்பத்திரி அருகில்தான். இருவரும் நடந்தே போனோம்.